மைனஸ் இருபதில் ஒரு நடிப்பு

அன்று காலை பல் தேய்க்கும்போதே சபதம் எடுத்துவிட்டேன். பெட்டியில் எனக்குரிய பங்கை வாங்கியே தீருவது. வாங்காவிட்டால் என் பெயர் ரங்கநாதன் இல்லை.

விஷயம் இதுதான். என் மனைவி வினோதினி ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் லைன் லீடர். இந்த வருஷம் அவள் லைன்தான் முதலிடம். பரிசு, நார்வே பக்கம் பனிமலைகளுக்கு நடுவே கப்பல் பயணம். குடும்பத்தில் ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம். அந்த ஒருவர் அடியேன்.

நான் ஒரகடத்தில் வெல்டிங் ஷாப் சூப்பர்வைசர். நெருப்புப் பொறியில் குளிப்பவன். இதுவரை நான் பார்த்த பெரிய பனி, கரும்பு ஜூஸில் போடுகிற ஐஸ்கட்டி. கப்பல் விஷயத்தை சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் தினமும் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் டிரைவர் என்னைப் பார்த்தாலே "கேப்டன் சார், உள்ள தள்ளி குந்துங்க" என்கிறார். நான் மட்டும் போகவில்லை என்று ஆகட்டும், அப்புறம் ஆயுசுக்கும் நடந்துதான் வேலைக்குப் போக வேண்டும்.

ஆளுக்கு ஒரு பெட்டி என்று கம்பெனி உத்தரவு. ஆக இரண்டு பெட்டிகள். இரண்டும் வினோதினி வசம்.

நானோ ஒரு கோட்டு வாங்கி வைத்திருந்தேன். கணுக்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு. அதை மாட்டிக்கொண்டு கப்பல் முனையில் நின்று, தூரத்தைப் பார்த்தபடி ஒரு போட்டோ. வேறு ஆசையே எனக்குக் கிடையாது.

"வினோ, இந்தக் கோட்டை எதுல வெக்கறது?"

"இது கோட்டா? லாரிக்குப் போடற தார்ப்பாய்னு இல்ல நெனச்சேன்?"

"அங்க எல்லாம் மைனஸ்ல கீதாம். கோட்டு இல்லாம எப்டி?"

"எடம் இல்லீங்க."

"ரெண்டாவது பெட்டில இன்னாதான் வெச்சிக்கினு கீற?"

"பருப்புப் பொடி, புளிக்காச்சல், நார்த்தங்கா, அப்பளம், மூட்டு வலித் தைலம், ஆறு சுங்குடிப் புடவ."

"நார்வேல சுங்குடிப் புடவையா? கட்டிக்கினு யாரப் பாக்கப் போற, பனிக்கரடியவா?"

"கரடியா இருந்தா இன்னா? நாலு பேரு முன்னாடி மரியாதையா போவ வாணாமா?"

"அப்ப என் துணி?"

அவள் பெட்டியின் ஓரத்தில் ஒரு குட்டி ஜிப்பைத் திறந்து காட்டினாள். இரண்டு ஜோடி சாக்ஸ் போகும். ஒரு ஜோடி என்றால் தாராளமாகப் போகும்.

கேட்டுக் கிடைக்காததை நடித்துத்தான் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டு இசக்கியப்பன் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். மீன், ஐஸ்கிரீம் எல்லாம் வைக்கிற குளிர்கிடங்கில் வேலை. உள்ளே மைனஸ் இருபது டிகிரி. எனக்குள் விளக்கு எரிந்தது. நாங்கள் இருவரும் அதற்குள் போய் நிற்பது. யார் அதிகம் நடுங்குகிறார்களோ, அவருக்குக் கம்பளித் துணி அதிகம் தேவை. ஆகவே ஒரு பெட்டி முழுக்க அவருக்கே. நடுங்கப் போவது யார்? நான்தான்! இதற்காகக் குளியலறைக் கண்ணாடி முன் பயிற்சி எடுத்தேன். பல்லைக் கடகடவென்று அடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, அன்று ரசம் சாதத்தைக்கூட ஆறவைத்துத்தான் சாப்பிட்டேன்.

"புது மாடல் வந்தா உங்க லைன்ல டிரையல் ஓட்டறீங்க இல்ல? நம்ம உடம்புக்கும் ஒண்ணு ஓட்டிப் பாக்கலாம்" என்று வினோதினியிடம் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டாள். மனைவி உடனே ஒத்துக்கொண்டால் புருஷன் உஷாராக வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணாச்சி பெரிய இரும்புக் கதவைத் திறந்தார். உள்ளே மங்கலான ஓர் அறை. அவர் சுவரிலிருந்து ஒரு கோட்டை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று வீரமாகத் தள்ளிவிட்டேன். என்ன ஆச்சரியம்! மைனஸ் இருபது என்றார்கள், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நெற்றியில் லேசாக வேர்க்கக்கூடச் செய்தது. வெல்டிங் ஷாப் வளர்த்த இரும்பு உடம்பு! இப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு நடுங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். ஆரம்பித்தேன்.

"ஊ... ஊஊ... வினோ! என் வெ... வெரலு கீதா பாரு!"

"கீதுங்க. பத்தும் கீது."

"எனக்குத் தெரியலியே! மூக்கு? மூக்கு எங்க போச்சு?"

"என்ன சார் இது, கொஞ்சம் பொறுங்க. நாம இன்னும்..." என்றார் அண்ணாச்சி.

"இன்னும் ஒரு நிமிசம் நின்னா என்னை மீனோட மீனா அடுக்கிடுவீங்க அண்ணாச்சி! வல்லக்கோட்ட முருகா!"

அலறினேன். முழங்காலை மடக்கினேன். தரையில் சரிந்தேன். நவரசத்துக்கு மேல் பத்தாவதாக ஒன்றையும் காட்டிவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

வினோதினி நிதானமாகப் பின்னால் வந்தாள். கையில் செல்போன். முழுவதையும் வீடியோ எடுத்திருந்தாள்.

"பாவங்க நீங்க. இதையே தாங்க முடியலியே."

"அதான் சொன்னேன். எனக்கு ஒரு பெட்டி..."

"பெட்டி எதுக்குங்க? இந்த உடம்ப வெச்சிக்கினு நார்வே போறதா? எனக்குத் தாலி முக்கியம். நீங்க வூட்லயே பத்திரமா இருங்க."

அப்போதுதான் எனக்கு நிஜமாகக் குளிர் எடுத்தது.

"அப்ப உன்கூட யாரு வருவா?"

"எங்கம்மா."

எங்கம்மா என்றால் என் மாமியார் தாயாரம்மாள்.

"அவங்களுக்கு ஏது பாஸ்போர்ட்டு?"

"நீங்கதான வண்டில குந்த வெச்சு பாஸ்போர்ட்டு ஆபீசுக்கு இட்டுக்கினு போனீங்க?"

"அது முக்திநாத் கோயிலுக்குப் போறதுக்குன்னு சொன்னியே!"

"நேபாளத்துக்குப் பாஸ்போர்ட்டே வாணாங்க."

"விசா?"

"போன மாசம் கண்ணு டெஸ்டுன்னு இட்டுக்கினு போனேனே, அது விசா ஆபீசுக்குத்தான்."

"அப்ப அவங்க கண்ணு?"

"அது நல்லாத்தான் கீது."

"என் பேரத்தான கம்பெனில குடுத்த?"

"உங்க பேருதாங்க. அம்மா பேர ரிலீவர்னு குடுத்தேன். ஒரு ஆளு வரலன்னா லைன் நிக்கக்கூடாது இல்ல? ரிலீவர் இல்லாம நான் என்னிக்கு லைன் ஓட்டிகீறேன்? வீடியோவ எச்.ஆருக்கு அனுப்பிட்டேன். பயந்துட்டாங்க. உங்கள வெந்நீர் குடிக்கச் சொன்னாங்க."

சுங்குடிப் புடவைக்கும் மூட்டு வலித் தைலத்துக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது.

வீட்டுக்கு வந்தோம். மாமியார் ஏற்கெனவே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. வினோதினி அப்பளக் கட்டுகளை வெளியே எடுத்தாள். இடமே இல்லாத பெட்டியில் கோட்டு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

"மாப்ளைக்குத் தங்கமான மனசு" என்றார் மாமியார். "கப்பல் மொனையில நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பறேன் மாப்ள."

ஷேர் ஆட்டோ டிரைவரின் முகம் கண்முன் வந்தது. மானம் போனாலும் போகட்டும், கப்பல் போகக்கூடாது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"வினோ, சத்தியமா சொல்றேன். அவ்ளோவும் நடிப்பு. எனக்குக் குளிரவே இல்ல!"

"எப்டிங்க குளிரும்?" பெட்டியின் ஜிப்பை இழுத்தபடியே கேட்டாள். "நீங்க நடுங்குனது கோட்டு மாட்டற ரூம்ல. ஃப்ரீசர் கதவ அண்ணாச்சி தொறக்கவே இல்ல."