அன்னப்பூரணியின் கொண்டை விஷயமாக

கல்லடி,
1937 ஆவணி, புதன்கிழமை.

கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவனும், என் மனைவிக்கு ஒரேயொரு தம்பியும், என் மகள் இராசாத்திக்குத் தாய்மாமனுமாகிய அன்பு மச்சான் வினாயகமூர்த்திக்கு, அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராயிருந்து பென்சன் பெற்ற நல்லரத்தினம் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நான் செத்துப்போனதாகத் தந்தி ஏதும் வந்திருந்தால் அதைக் கிழித்துப்போடவும்.

விஷயம் உன் அக்கா அன்னப்பூரணியின் தலைமுடி. மாசி மாதம் அறுவடை பார்க்க வயல் வட்டைக்குப் போனவள் வரம்பில் வழுக்கி விழுந்தாள் அல்லவா? அன்றிலிருந்து அவளுடைய வலக்கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் இடுப்பளவு கூந்தல். அதை அள்ளி முடிய ஒரு கை போதுமா? ஆறு மாதம் எப்படியோ ஒப்பேறியது. எப்படி என்று கேட்காதே. போன கிழமை பக்கத்து வீட்டு ரோசலின் நோனா ஒரு சீமைப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பறங்கி மனுசி, தன் முடியைக் காதளவு வெட்டிப் பத்து வருடமாகிறது. பத்திரிகை நிறையக் கட்டைமுடிக் கிழவிகள். மூன்று நாள் பின்னேரமும் இருவரும் பாயில் குந்தி, மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்கிறது போல ஒவ்வொரு தலையாகப் பார்த்தார்கள்.

"உனக்கு வட்ட முகம் கா. காத மூடி வெட்டினாப் பூசணிக்காய்க்குத் தொப்பி வெச்ச மாதிரி இரிக்கும். பிடரியில கட்டையா வெட்டி, உச்சியில கொஞ்சம் உயத்தி விடு. முழுகினா ஒரு துவாய்த் துடைப்போட வேல முடிஞ்சிது" என்கிறாள் நோனா.

எனக்குப் பொறுக்கவில்லை. "புருசன் உயிரோட இரிக்கக்குள்ள முடிய வெட்டுறதா? மாப்பிள்ளைட தாய் வார வியாழன் வாறா எண்டு மறந்து போச்சா?" என்று கேட்டேன்.

"அவ இராசாத்தியப் பார்க்க வாறாவா, என்ட கொண்டையப் பார்க்க வாறாவா?" என்றாள் உன் அக்கா. "இஞ்சேருங்க, இந்த வீடு என்ட சீதனம். என்ட தலையும் நான் கொண்டுவந்த சீதனம்தான்."

மச்சான், பெண்சாதி வீட்டில் குடியிருக்கிற மட்டக்களப்பு ஆம்பிளை இதற்கு மேல் என்ன பேசுவது? காய்ச்சலும் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் வாசல் படலைப்பக்கமே போகாமல் போர்த்துக்கொண்டு கிடந்தேன்.

அதுதான் வினையாய்ப் போயிற்று. நேற்றுக் காலை முடிவெட்டும் சாமித்தம்பி தகரப்பெட்டியோடு முன்படலையால் உள்ளே வந்தான். அவன் பின்னாலேயே, கூப்பிட்டு வைத்தது போல, சலவைக் கட்டாடி வெள்ளை மூட்டையோடு வந்தான். அந்த இரண்டு பேரும் ஒன்றாக வருவது கலியாணத்துக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு. கலியாணம் இல்லாத வீட்டுக்குள் நுழைந்தால் ஊர் என்ன நினைக்கும்? அதிலும் வீட்டுக்காரனை மூன்று நாளாகக் காணவில்லை! அரை மணித்தியாலத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. பெண்டுகள் தலையில் அடித்துக்கொண்டு, "கச்சேரி ஐயா, எங்கள விட்டிட்டுப் போனீங்களே!" என்று அழுதார்கள். நான் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து, "என்ன மனே, யார் மோசம் போனது?" என்று கேட்டேன். அழுகிற மும்முரத்தில் ஒருத்தி என்னை ஓரமாய் நிற்கச் சொன்னாள். என் சாவீட்டில் எனக்கே மரியாதை இல்லை மச்சான்!

அழுகுரலைக் கேட்டதும் சாமித்தம்பி கத்தரிக்கோலைக் கீழே போட்டான். "ஐயோ, சுமங்கலிட முடிய வெட்டினது குத்தமாப் போச்சு!" என்று பின்வேலியால் பாய்ந்து ஓடிவிட்டான். வெட்டியது வலப்பக்கம் மட்டும்! அந்தக் கோலத்தில் உன் அக்கா வாசலுக்கு வரவும், களுதாவளை பஸ்ஸிலிருந்து மாப்பிள்ளையின் தாய் சீதேவிப்பிள்ளை வந்து இறங்கவும் சரியாயிருந்தது. சந்தைக்குப் புறப்பட்டவளுக்குப் பஸ்ஸுக்குள்ளேயே செய்தி எட்டியிருக்கிறது! ஓடி வந்து அன்னப்பூரணியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். அழுதபடியே பிடரியைத் தடவினாள். கை கொண்டையைத் தேடியது. அழுகை பாதியில் நின்றது.

"என்னகா இது? மத்தப் பக்கம் எங்க?"

"மத்தப் பக்கம் இனித்தான்" என்றாள் உன் அக்கா, கூசாமல்.

நான் முன்னே போய்க் கும்பிட்டு வெற்றிலைத் தட்டை நீட்டினேன். சீதேவிப்பிள்ளை என்னை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்தாள். வெற்றிலையைத் தொடவில்லை. "வாறன்" என்று ஒரு சொல் சொல்லவில்லை. கிறுகித் திரும்பிப் பாராமல் போய்விட்டாள். சம்பந்தம் முறிந்தது, மச்சான்! இராசாத்தி அறைக்குள் கிடந்து அழுகிறாள். லீவு போட்டு உடனே வந்து, உன் அக்காவை நாலு கேள்வி கேட்டு, முடியை வளர்க்கச் சொல்லி, களுதாவளைக்கும் போய்க் காலில் விழுந்தாவது காரியத்தைச் சரிப்படுத்து. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்லு. பத்திரிகை எதையும் காட்டாதே.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும்
க. நல்லரத்தினம்

பி.கு.: வர வேண்டாம். தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நேற்றுச் சீதேவிப்பிள்ளை சொன்னபடியே வந்தாள். "செத்த வீடெண்டு வந்தனான், வெத்தில எடுப்பனா? சொல்லிக்கொண்டு போவனா?" என்று என்னையே ஏசினாள். கலியாணம் தையில். பிறகு அன்னப்பூரணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இடப்பக்கம்தான் சோக்கா இரிக்கி. ஆர் வெட்டினது? எனக்கும் வெட்டோணும்" என்றாள். உன் அக்கா என்னைக் கை காட்டிவிட்டாள். ஓம் மச்சான், இதை எழுதிய அன்றிரவே மிச்சத்தை வெட்டியவன் நான்தான். ஆறு மாதமாக விடிய எழும்பி அவளுக்குத் தலை வாரிக் கொண்டை போட்டவனும் நான்தான். ஊருக்குத் தெரியக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு செய்தது. முடியை வெட்ட வேண்டாம் என்று நான் சண்டை பிடித்தது சம்பந்திக்குப் பயந்து மட்டும் இல்லை. அந்த வேலை போய்விடுமே என்றுதான். இன்று விடிய வழக்கம் போல எழும்பி, செய்ய ஒன்றுமில்லாமல் குந்தியிருந்தேன். சீப்பைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் குந்தினாள். "கட்டையெண்டாலும் வாரத்தானே வேணும்? இழுங்க" என்றாள். கதவு திறந்தே கிடந்தது.