மாடியறை மண்ணுக்குள் போன விவரம்

என் மனைவிக்கு அண்ணனும், எனக்கு மச்சானும், எங்கள் புது வீட்டின் மாடியறைக்கு உரியவருமாகிய தங்களுக்கு வணக்கம் பல. இங்கு நாங்கள் நலம். தங்கள் நலமும், முக்கியமாக வலது முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

மேலே ‘மாடியறைக்கு உரியவர்’ என்று எழுதியதைப் பழக்கதோஷம் என்று மன்னிக்கவும். அந்த அறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அடுத்த வருடம் நீங்கள் ஓய்வு பெற்று எங்களோடு வந்து இருக்கப்போகிறீர்கள், உங்கள் தங்கை இப்போதே மாடி ஜன்னலுக்குத் திரைத்துணி எடுத்து வைத்துவிட்டாள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் தயவுசெய்து இல்லையென்று சொல்லிவிடுங்கள். மாடிக்கு வைத்திருந்த பணம் முழுவதும் மண்ணுக்குப் போய்விட்டது.

நடந்தது இதுதான். இன்ஜினியர் பதினொரு பக்கத்துக்கு ஒரு மதிப்பீடு கொண்டுவந்தார். அதில் ஒன்பது பக்கம் வீடு, முதல் இரண்டு பக்கம் வெறும் மண். நான் முப்பத்தாறு வருடம் தணிக்கை அலுவலகத்தில் அடுத்தவர் பில்லை வெட்டியே சம்பளம் வாங்கியவன். சிவப்புப் பென்சில் கையில் இருந்தால் எனக்கு நல்லது கெட்டது தெரியாது. ‘மண் பரிசோதனை’ என்று ஒரு வரி. மண்ணுக்கு என்ன, சர்க்கரை வியாதியா? அடித்தேன். ‘லாரி, இயந்திரம் வந்துபோகத் தற்காலிகப் பாதை’ என்று ஒரு வரி. வருகிறவர்கள் வழி பார்த்து வரட்டுமே, அடித்தேன். ‘தோண்டிய மண்ணை மனையின் மூலையில் குவித்துப் பாதுகாத்தல்’ என்று இன்னொரு வரி. மண்ணுக்குக் காவலா? அதை இரண்டு முறை அடித்தேன். அந்தச் சூட்டோடு மிச்சமிருந்த இரண்டாம் பக்கத்தையும் படிக்காமலே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

“சார், வீடு காத்துல நிக்காது. மண்ணுலதான் நிக்கணும்” என்றார் இன்ஜினியர்.

“மண்ணு ஏற்கெனவே அங்கதானே இருக்கு, தம்பி. இருக்கிற பொருளை எதுக்கு மறுபடி வாங்கணும்?” என்றேன். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வரைபடத்தில் நம் மனை சமமாக இருந்தது. காகிதம் சமமாகத்தானே இருக்கும்! நேரில் போய்ப் புதரை வெட்டிப் பார்த்தால் முன்பாதி மேடு, பின்பாதி கிடுகிடுவென்று சரிவு. மேட்டை வெட்டப் பொக்லைன் இயந்திரம் வந்தது. பாதையைத்தான் நான் அடித்துவிட்டேனே, அது வாசல் பள்ளத்தில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதை இழுக்க இன்னொரு பொக்லைன் வந்தது. இரண்டுக்கும் மணிக்கணக்கில் வாடகை.

“சிக்கிக்கிடந்த நேரத்துக்கு எதுக்குய்யா வாடகை?” என்று கேட்டேன்.

“வண்டி எங்க வீட்டுலயா சார் நின்னுச்சு? உங்க பள்ளத்துலதானே நின்னுச்சு” என்றார் ஓட்டுநர். என் அலுவலகத்தில் இருந்திருந்தால் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்திருப்பேன்.

ஒருவழியாக மேட்டை வெட்டினோம். வெட்டிய மண்ணை எடுத்துப்போக ஒரு மண் வியாபாரி லோடுக்கு இவ்வளவு என்று எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த உங்கள் தங்கையின் இடது செருப்பு, அந்த மஞ்சள் நூலால் தைத்த நீல வார் செருப்பு, மண்ணில் புதைந்து லோடோடு போய்விட்டது. வீடு வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தாள்.

பிறகுதான் பின்பாதியில் வினை ஆரம்பித்தது. கடப்பாரையைப் போட்டால் பிடித்த கை வரை இறங்குகிறது. யாரோ ஒரு காலத்தில் குப்பை கொட்டி மூடிய இடமாம். நான் அடித்த அதே மண் பரிசோதனையை அவசரக் கட்டணத்தில் செய்தோம். குப்பையைத் தோண்டி எடுத்து, உறுதியான நிலம் வரை போய், சுற்றிலும் எட்டடிக்குத் தாங்குசுவர் எழுப்பி, உள்ளே நல்ல மண்ணாக நிரப்பி முன்பாதி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று பரிசோதித்தவர்கள் தீர்ப்பு. சுவர் எழும்பிவிட்டது, நல்ல மண்ணுக்கு எங்கே போவது? அதே வியாபாரியிடம் போனேன். “முதல் தரமான மண்ணு வந்திருக்கு சார்” என்றார். எடுத்துப்போக வாங்கியதைப் போல இரண்டு பங்கு விலை. முதல் லோடு வந்து கொட்டியது. உச்சியில் நீல வார், மஞ்சள் நூல்.

“யோவ், இது என் மண்ணுய்யா!” என்று கத்தினேன்.

“இருக்கலாம் சார். குடுக்கும்போது நீங்க தரம் பாக்கலை. நாங்க பாத்தோம்” என்றார்.

மச்சான், உண்மையைச் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. ஊரார் பணத்தில் காலணா விடாமல் பிடித்தவன், என் மண்ணை நானே விலைக்கு வாங்கினேன். இன்றுவரை செய்த செலவில் தெருவிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது ஒரு செங்கல்கூட இல்லை. வருகிறவர்கள், “எப்போ வேலை ஆரம்பிக்கப்போறீங்க?” என்று கேட்கிறார்கள். மிச்சப் பணத்தில் ஒரு தளம்தான் எழும்பும். அதில் கூடத்தில் உங்களுக்குக் கட்டில் போடலாம் என்றாள் உங்கள் தங்கை. உங்களைக் கூடத்தில் படுக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. அவளிடம் சொல்லாமல்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அங்கேயே இருங்கள்.

பக்கத்து வீட்டாருக்கும், காலியாகாத வீட்டின் உரிமையாளருக்கும் என் அன்பைச் சொல்லவும். முழங்காலுக்குத் தைலம் தடவத் தவறவேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் தரைமட்டத்துக்கே வந்து சேராத
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் உங்கள் தங்கை படித்துவிட்டாள். நேரே மனைக்குக் கிளம்பினாள். பின்னாலேயே போனேன். தாங்குசுவருக்குள் இறங்கி, மண் கொட்டாத மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். “நாலு பக்கமும் சுவர் இருக்கு, தலைக்கு மேல மூணடி இருக்கு. மேல தளம் போட்டா இது அறைதானேங்க? இதுக்குள்ள எதுக்கு மண்ணைக் கொட்டுறீங்க?” என்றாள். இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தாராளமாகச் செய்யலாமாம். சரிவுப் பக்கம் கதவு, ஜன்னல், நல்ல வெளிச்சம். படியே ஏறவேண்டாம், உங்கள் முழங்காலுக்கு மாடியைவிட இதுதான் சரி. “சரிவுல கீழறை போடலாம்னு ரெண்டாம் பக்கத்துலயே எழுதியிருந்தேன் சார். நீங்கதான் மொத்தமா கோடு போட்டுட்டீங்க” என்றார். சிவப்புப் பென்சிலை உங்கள் தங்கை பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாமல் உடனே வீட்டைக் காலி செய்யவும். கொட்டிய மண்ணை மறுபடி வெளியே அள்ளுகிறோம். எடுத்துப்போக வியாபாரி லாரியோடு வந்தார், திருப்பி அனுப்பிவிட்டேன். மண் இப்போது மனையின் மூலையில் பத்திரமாகக் குவிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நானே காவல் இருக்கிறேன். நீங்கள் வந்தால் இன்னொரு நாற்காலி போடலாம்.