என் நாற்காலியில் உட்கார்ந்த கேமரா

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரின் உடல்நலத்துக்கும் ஒரு குறையும் இல்லை. மனநலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சனிக்கிழமை வந்து அம்மாவையும் என்னையும் உங்கள் வீட்டுக்கே கூட்டிப்போகப் போவதாகச் சொன்னீர்களாம். தயவுசெய்து வர வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை, வாக்கியம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அப்பாவும் அம்மாவும் நேராகப் பேசிக்கொள்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் எதிரெதிரே, நான் நடுவில். "உங்க அப்பாகிட்ட சொல்லு, தண்ணி மோட்டார் ஓடலன்னு" என்பார் அம்மா. நான் திரும்பி அதையே சொல்வேன். "எனக்குக் காது இருக்குன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு" என்பார் அப்பா. அதையும் சொல்வேன். இதற்காகத்தான் மனநல ஆலோசகரிடம் போனோம். அவரிடம் ஒரு வி.ஆர். கண்ணாடி இருக்கிறது. மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்தில் இருப்பது போலவே தெரியும். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களை அதை மாட்டித்தான் மொட்டைமாடி விளிம்பில் நிறுத்துவாராம். எங்களுக்கு அவர் சொன்ன வைத்தியம் வேறு. நான்கு பக்கமும் படம் பிடிக்கும் கேமராவைக் கொடுத்து, ஒரு நாள் அப்பா நாற்காலியில், மறுநாள் அம்மா நாற்காலியில் வைத்துச் சாப்பாட்டு நேரத்தை எடுத்து வரச் சொன்னார். அப்புறம் அவர் இடத்திலிருந்து இவரும், இவர் இடத்திலிருந்து அவரும் பார்க்க வேண்டுமாம். ஆனால் நாற்காலியை முதலில் காலி செய்வது யார்? அப்பா அசையவில்லை, அம்மாவும் அசையவில்லை. கடைசியில் இருவரும் ஒரே மனதாக எடுத்த முடிவு, கேமராவை என் நாற்காலியில் வைப்பது. உயரம் போதாமல் அடியில் என் அகராதியை வைத்தேன். நான் பிரிட்ஜ் பக்கத்தில் தட்டோடு நின்று, வந்த சேதிகளை அங்கிருந்தே மாற்றி மாற்றிச் சொன்னேன்.

ஆலோசகர் அறையில் அப்பாதான் முதலில் கண்ணாடியை மாட்டினார். அவர் பார்ப்பது கணினித் திரையிலும் தெரிந்தது. "அட, நம்ம வீடு" என்று சிரித்தார். அப்போது அம்மா நேராகக் கேமராவைப் பார்த்து, "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார். என் நாற்காலியின் பழக்கதோஷமோ என்னவோ, அப்பாவும் அந்தச் சேதியைச் சொல்ல மறுபக்கம் திரும்பினார். அங்கே அவரே உட்கார்ந்து, காதில் விழாத மாதிரி மென்றுகொண்டிருந்தார். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "இந்த ஆளு ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்கான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்து அம்மா. முழுதும் பார்த்தார். கழற்றியதும் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நீ எங்க உக்காந்து சாப்பிட்ட?"

"பிரிட்ஜ் பக்கத்துல நின்னுக்கிட்டு."

அன்று இருவருமே அதைக் கவனிக்கவில்லை, மாமா. எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. அவர்களுக்கும்தான் போல. வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா என் புத்தகப் பையைத் தூக்கி வந்தார், அம்மா என் கையை விடவில்லை. அன்று மேஜையில் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று அம்மா அப்பாவிடமே கேட்டார். எனக்கு வேலையே இல்லை, ஒரு அத்தியாயம் படித்து முடித்தேன். ஆகவே எங்களைக் கூட்டிப்போக வர வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வீட்டில் எல்லோரும் நிறைவாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்பு மருமகள்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிட்டு அவசியம் வாருங்கள். இப்போது இருவருக்குமே என் நாற்காலிதான் வேண்டுமாம், அவரவர் நாற்காலியையும் விடுவதாக இல்லை. அங்கிருந்தால்தான் உங்க ரெண்டு பேரையும் நல்லாப் பார்க்க முடியுது என்கிறார் அப்பா. அதை முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்கிறார் அம்மா. "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தவர், பிரிட்ஜ் பக்கத்தில் தட்டோடு நின்ற என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். எங்களுக்காகப் பெட்டி எதுவும் கொண்டுவர வேண்டாம். ஒரு நாற்காலி கொண்டுவந்தால் போதும்.