முப்பிடாதி அம்மன் பெட்டிக்கு ஜீனர் டயோடு வைத்த விவரம்

ஆமாலே மருமகனே, நீ போனில் சொன்னாயே அந்த ஜீனர் டயோடு, நெல்மணி அளவுதான் இருக்கும், ரெண்டு பக்கமும் கம்பி மீசை வைத்தது, அதுதான் உன் அத்தையின் மானத்தைக் காப்பாற்றியது. பார், முறைப்படி எழுத வேண்டியதை எழுதாமல் ஓடுகிறேன். பெங்களூரில் இருக்கும் சிரஞ்சீவி இசக்கிராஜாவுக்கு இலத்தூரிலிருந்து அத்தை சந்தனமாரி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாமாவும் மாடும் கன்றும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சுகமாக இருக்க அம்மன் பார்த்துக்கொள்வாள். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறது. ஐந்தருவியில் நிற்க இடமில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன் போட்டால் பாதியில் "மீட்டிங் அத்தை" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்.

வயற்காட்டு ஓரம் நம்ம முப்பிடாதி அம்மன் கோயிலுக்குக் கரண்டு கிடையாது, கூரை மேல் ஒரு சோலார் பலகைதான் உண்டு என்று உனக்குத் தெரியும். அதில் மாட்டிவிட்டால் பகலெல்லாம் "ஓம் சக்தி ஓம் சக்தி" என்று பாடுகிற சின்னப் பெட்டி ஒன்றை நான் உபயமாகக் கொடுத்தேன். கொடுத்த நாளிலிருந்தே அதற்குப் பேய் பிடித்த மாதிரி. சாரல் மேகம் மூடினால் உன் மாமா கொட்டாவி விடுகிற மாதிரி "ஓ...ம் ச...க்தி" என்று இழுக்கும். மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "தென்காசி தென்காசி தென்காசி" என்று கூப்பிடுகிற வேகத்தில் கத்தும். கும்பிட வந்தவர்கள் எந்த வேகத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார்கள். ஒரு நாள் உச்சி வெயிலில் கீச்சென்று கத்திப் புகைந்து போனது. நான் விடுவேனா? இன்னொரு பெட்டி வாங்கி வைத்தேன். அதுவும் புகைந்தது.

உலகம்மாள் மதினி, அதுதான் உன் மாமாவோட அக்கா, சும்மா இருப்பார்களா? பொங்கல் பானை கழுவிக்கொண்டிருந்த அத்தனை பொம்பளைகள் காதிலும் விழுகிற மாதிரி, "ஏட்டி சந்தனமாரி, ஒரு பெட்டி பொசுங்குனா கம்பெனிக் கோளாறு. ரெண்டு பெட்டி பொசுங்குனா குடுத்த கையில கோளாறுட்டி. அம்மன் ஒன் உபயத்த ஏத்துக்கிடல" என்றார்கள். அப்புறம் ஊரே அதைத்தான் பேசியது. கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டித் தலைவர் பால்வண்ணநாதன் அண்ணாச்சி நல்ல மனிதர், அவரே வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, ஆடிக் கொடைக்குப் பந்தக்கால் நாட்டுததுக்குள்ள பெட்டி ஒழுங்காப் படிக்கணும். இல்லன்னா எடுத்துருவோம். பொறவு ஓங்கிட்ட எண்ணெ, பூவு எதும் வாங்க சனம் சம்மதிக்காது, வருத்தப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். வருத்தப்படாமல் என்ன செய்ய? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் நான் விளக்குப் போடுகிற கோயில்லே அது. என் கை எண்ணெய் ஆகாது என்றால் அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?

அன்றைக்குத்தான் அழுதுகொண்டே உனக்குப் போன் போட்டேன். நீ ரிவர்ஸ் என்றாய், ரெகுலேட்டர் என்றாய், எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. ஆனால் மறுநாள் குளத்தில் துணி அலசும்போது தானாகவே விளங்கிவிட்டது. குளத்துக்கு எவ்வளவு வெள்ளம் வந்தாலும் மறுகால் மட்டத்துக்கு மேலே தண்ணீர் ஏறாது, மிஞ்சினது மறுகால் வழியாக ஓடிவிடும். வயலுக்குத் தண்ணீர் ஒரே சீராகப் போகும். ஜீனர்தான் மறுகால். நாலு புள்ளி ஏழு வோல்ட் என்றாயே, அதுதான் மறுகால் மட்டம். அதற்கு முன்னால் குண்டாக ஒரு ரெசிஸ்டர் போடச் சொன்னாயே, அது வரத்துக் கால்வாயில் இருக்கிற ஷட்டர். ஷட்டர் இல்லாமல் வெள்ளத்தை விட்டால் மறுகாலே பெயர்ந்து போகுமில்லையா? பெட்டி, கீழே இருக்கிற வயல். சரியாச் சொல்லுதேனா? இதைச் சொல்ல உனக்குப் போன் போட்டால் மீட்டிங்.

தென்காசியில் மூணாவதாக ஒரு பெட்டியும் வாங்கிக்கொண்டு, ரேடியோ டிவி ரிப்பேர் பார்க்கிற மன்சூர் கடைக்குப் போய், நாலு புள்ளி ஏழுக்கு ஜீனரும் குண்டு ரெசிஸ்டரும் கேட்டேன். அந்தத் தம்பி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தது. "யாருக்குக்கா?" என்றது. "முப்பிடாதிக்கு" என்றேன். "அவங்க என்ன படிக்காங்க?" என்று கேட்கிறது! விவரம் சொன்னதும் சிரித்துவிட்டு, கோயிலில் ஈயம் வைத்துப் பத்த வைக்கக் கரண்டு இல்லையே என்று ஸ்க்ரூ முடுக்குகிற கனெக்டரும் தந்து, "யக்கா, ஜீனர் மேல ஒரு ஓரமாப் பட்டை போட்டிருக்கும். பட்டை உள்ள முனைய பிளஸ் வயர்ல மாட்டணும். மாத்தி மாட்டுனா பெட்டிக்கு ஒண்ணும் போய்ச் சேராது" என்று ரெண்டு தரம் சொன்னது. மற்ற டயோடெல்லாம் நேராக நின்று வேலை செய்யுமாம், இது மட்டும் தலைகீழாக நின்றால்தான் வேலை செய்யுமாம். உன் மாமாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இது புதுசா?

புதுச் சாமானை அப்படியே கொண்டுபோய் அம்மனுக்கு மாட்ட முடியுமா, சொல்லு. பூஜை அறையில் வைத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டித்தான் எடுத்துப் போனேன். கால் நாட்டுகிற நாள், சனமெல்லாம் நிற்குது. உன் மாமா ஸ்க்ரூ டிரைவரோடு ஸ்டூல் மேல் ஏறி ஜீனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கட்டி பட்டை? ஒரே சந்தனமால்லா இருக்கு!" என்கிறார். நான், "குங்குமம் வச்ச பக்கந்தான், முடுக்கும்" என்றேன். முடுக்கினார். பெட்டி மூச்சு விடவில்லை. வெயில் வந்தது, வாயைத் திறக்கவில்லை. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "முந்திக் கத்தவாச்சும் செஞ்சுது. இப்போ வாயையே கட்டிப்புட்டா ஆத்தா" என்றார்கள். அண்ணாச்சி பெட்டியை எடுக்கக் கை நீட்டிவிட்டார்.

அப்போதுதான் அம்மன் முகத்தைப் பார்த்தேன். காலையில் பூசின காப்புச் சந்தனத்தில் அவள் மூக்குத்தி மறைந்திருந்தது. பளிச்சென்று உறைத்துவிட்டது. "கை வைக்காதீங்க அண்ணாச்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் மேளக்காரர் அடியை நிறுத்திவிட்டார். பெட்டியை அணைத்து ஜீனரைக் கழற்றச் சொல்லி முந்தானையால் துடைத்தால், பட்டை குங்குமத்துக்கு எதிர் முனையில் இருக்கிறது! திருப்பி மாட்டினோம். "ஓம் சக்தி" என்றது பாரு மருமகனே, அப்படி ஒரு நிதானம், ஓதுவார் மாதிரி! மேகம் மூடியது, அதே குரல். வெயில் அடித்தது, அதே குரல். சனமெல்லாம் வானத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்க்குது. அண்ணாச்சி ரெசிஸ்டரைத் தொட்டுப் பார்த்துச் சூட்டில் கையை உதறிக்கொண்டு, "தங்கச்சி, வெயிலுக்கே கடிவாளம் போட்டுட்டியே!" என்றார். நான் மறுகாலை வைத்து எல்லோருக்கும் விளக்கினேன். குளத்துப் பாசனக்காரர்கள் உடனே தலையை ஆட்டிவிட்டார்கள். குலவைச் சத்தம் குற்றாலம் வரைக்கும் கேட்டிருக்கும். கொடை முடிகிற வரை ஒரு வார்த்தை பிசகவில்லை. வில்லுப்பாட்டுக்காரர் என் பேரைச் சேர்த்துப் பாடினார். கடைசியில் மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏட்டி, எங்க வீட்டுப் பிள்ளையாருக்கும் அந்த மறுகால் ஒண்ணு வாங்கித் தாயேன்" என்று கேட்டார்களே, அதைக் கேட்டபோது எனக்குத் திருப்பதி போய் வந்த மாதிரி இருந்தது.

உங்கள் கம்பெனியில் சொல்லி அந்தப் பட்டையைக் கொஞ்சம் அகலமாகப் போடச் சொல்லு, சந்தனத்துக்கு மேலேயும் தெரியட்டும். கொடைத் திருநீறு இதோடு வைத்திருக்கிறேன், மீட்டிங்குக்குப் போகுமுன் பூசிக்கொள். குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மையும் நம்ம முப்பிடாதியும் உன் கைபட்டதெல்லாம் துலங்கும்படி செய்வார்கள். நீ நூறு வயசு நிதானமாக இரு.

இப்படிக்கு,
ஊரே மெச்சுகிற உன் அத்தை,
சந்தனமாரி

பி.கு.: கவரை ஒட்டப் போகிறேன், உன் மாமா ரேடியோவைத் தட்டிக்கொண்டு "உள்ள கெடந்த மூணு செல்லும் எங்கட்டி?" என்று கத்துகிறார். இப்போதுதான் நினைவு வருகிறது. புதுப் பெட்டியை வீட்டில் வைத்திருந்தபோது, அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அந்தச் செல்களைத்தான் அதன் அடியில் போட்டேன், ஒரே சீராகப் பாடியது. செல் கிடந்தால் அந்தப் பெட்டிக்கு வெயிலே வேண்டாம். கோயிலுக்குக் கொண்டுபோனபோது நான் செல்லை வெளியே எடுக்கவில்லை; தலைமாறி நின்ற ஜீனர் அதோட சக்தியையும் விழுங்கித்தான் முதலில் பெட்டி ஊமையாக நின்றிருக்கும். இன்னும் அங்கனதான் கிடக்குது.