அக்காவின் பல்வரிசை

முலாம் கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் முதலாளிக்கு ஒரு கணம் காது அடைத்துப்போனது. காது திறந்தபோது அவர் ஒரு சபதம் எடுத்திருந்தார். லாரியின் குரோம் கிரில்லை இனி எந்தக் கொம்பன் கையிலும் கொடுப்பதில்லை. வீட்டிலேயே, தன் கையாலேயே, அதிகம் செலவில்லாமல் பளபளவென்று ஆக்கிக் காட்டுவது. இது சத்தியம்.

முதலாளி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். அவரிடம் இருந்தது ஒரே ஒரு லாரி. அதற்கு முதலாளி அவர், டிரைவர் அவர், கிளீனரும் அவர்தான். வண்டி கழுவாமல் கிடந்தால் முதலாளி கிளீனரைத் திட்டுவார். கிளீனர் கோபித்துக்கொண்டு படுத்துவிடுவார். டிரைவர் நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைப்பார். எல்லாம் ஒரே சட்டைக்குள் நடக்கும்.

அவர் லாரி வாங்கிய பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டார். வந்த புதிதில் மனைவி ஒன்றைக் கவனித்தாள். மனிதர் காலையில் கண் விழித்ததும் முதலில் போய்ப் பார்ப்பது வண்டியை. படுக்கப் போகும் முன் தட்டிக்கொடுத்துவிட்டு வருவதும் வண்டியைத்தான். அன்றைக்கே அவள் லாரிக்கு ‘அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

"எனக்கு முன்னாடியே வந்தவங்க. மரியாதை கொடுக்கணும் இல்லையா?"

அதிலிருந்து "அக்கா சாப்பிட்டாச்சா?" என்று அவள் கேட்டால் டீசல் போட்டாயிற்றா என்று அர்த்தம். "அக்காவுக்கு மூச்சு இரைக்குதே" என்றால் சைலன்சரைப் பார்க்க வேண்டும். பெற்ற இரண்டு பெண் குழந்தைகளும் லாரியைப் ‘பெரியம்மா’ என்றே கூப்பிட்டன. முதலாளிக்கு இதில் வெளியே கோபம், உள்ளே சந்தோஷம்.

அந்தப் பெரியம்மாவுக்குத்தான் இப்போது பல்லில் கோளாறு. முகப்பு கிரில் மங்கிப் பழுப்பேறி, இடுக்கெல்லாம் துருப் புள்ளி. வேறு சமயமாக இருந்தால் அவரே கண்டுகொண்டிருக்க மாட்டார். ஆனால் லாரி உரிமையாளர் சங்கத்தில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். உறுப்பினர்களின் வண்டிகளில் பார்க்க லட்சணமாக இருக்கிற ஒன்றைப் படம் எடுத்து, அடுத்த வருஷக் காலண்டரில் போடப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து வாசலில் எல்லா வண்டியும் வரிசையாக நிற்க வேண்டும். அந்தக் காலண்டர் ஊரில் தொங்காத கடை கிடையாது. வருஷம் முழுக்க அக்கா எல்லார் சுவரிலும் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோதே முதலாளி தானும் ஒரு முறை சிரித்துப் பார்த்துக்கொண்டார். வாழ்க்கையில் வேறு எதற்கும் அவர் இப்படி ஆசைப்பட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட என்று சொல்லலாம், ஆனால் அதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

போட்டிக்கு எதிர்வீட்டுக்காரர் இருந்தார். அவருக்கும் ஒரு லாரி, கொஞ்சம் புதிது. அவர் சாதாரணமாக "என்னப்பா" என்றாலே தெருவில் போகிற சைக்கிள் ஒதுங்கி வழிவிடும். அதனால் ஊர் அவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்திருந்தது.

வாரத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் முதலாளி ஸ்பேனரை எடுத்து, கிரில்லைக் கழற்றி, வீட்டு வாசலில் கொண்டுவந்து சாய்த்து வைத்தார்.

"என்னங்க இது, அக்கா பல்லைக் கழட்டிட்டு வந்துட்டீங்க?"

"நானே வீட்டுல பண்ணப்போறேன். உப்புத்தாள் போட்டு நல்லா தேய்க்கணும். பிரைமர் அடிக்கணும். மேல சில்வர் பெயிண்ட். அவ்வளவுதான்."

"குரோம் மேல உப்புத்தாளா? தோலே உரிஞ்சு போயிடுமேங்க!"

"வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது" என்றாள் மனைவி. குனிந்து கிரில்லை விரலால் ஒரு தேய் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். "சரி, பண்ணுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ‘சரி’ சொன்னதில்லை. வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் பிரேக் போட்டிருப்பார். முதலாளி போடவில்லை.

"மிச்சமாகிற பெயிண்ட்ல நம்ம ஜன்னல் கிரில்லுக்கும் ஒரு கை அடிச்சுக் கொடுங்களேன். துணி பட்டா துரு ஒட்டுது. பிள்ளைங்க பாவாடையெல்லாம் பாழாப் போச்சு."

ஜன்னல் என்ற பேச்சு எழுந்தாலே முதலாளி கம்பி நீட்டிவிடுவார். இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அதுதான் வழக்கம். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சாமான் வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.

"ஒண்ணும் அவசரமில்லைங்க. நல்லா பேரம் பேசி, நல்லதாப் பார்த்து வாங்கிட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அவரும் நன்றாகவே பேரம் பேசினார். கடைக்காரர் கும்பிடு போட்ட பிறகுதான் விட்டார். உப்புத்தாள், பிரைமர், சில்வர் பெயிண்ட், பிரஷ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் வாசலில் கிரில்லைக் காணோம். மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளேயிருந்து வந்தாள்.

"எங்கே கிரில்?"

"பழைய புடவையில சுத்திப் பரண்ல வச்சிருக்கேன். வாசல்ல கிடந்தா பிள்ளைங்க ஏறி மிதிக்கும்."

"நல்ல வேலை பண்ணினே. எடு, ஆரம்பிக்கலாம்."

"எடுக்கறேன். ஒரு சந்தேகம் கேட்கட்டுமா?"

"கேளு."

"உப்புத்தாளை இதுக்கு முன்னாடி கையில பிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல. ஏன்?"

"இல்ல, எடுத்ததும் நேரா அக்கா முகத்துல கை வைக்கிறீங்களே. ஒரு கீறல் விழுந்தாக்கூட காலண்டர்ல வருஷம் பூரா தெரியுமே, அதான்."

முதலாளி பையைக் கீழே வைத்தார். "இப்ப என்ன பண்றது?"

"எனக்கு என்னங்க தெரியும்? ஏதாவது வேண்டாத இரும்பு இருந்தா கை பழகிக்கலாம். இந்த வீட்டுல வேண்டாத இரும்புக்கு எங்கே போறது?"

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"ஜன்னல்!"

"ஐயோ, அதையா?"

"ஏன், அதுவும் கிரில்தானே? இதுவும் கிரில்தானே? ஜன்னல்ல கை பழகிட்டு அப்புறம் வண்டிக்கு வரேன். இதெல்லாம் உனக்குத் தோணுமா?"

"எனக்கு எங்கே தோணப்போகுது!" என்றாள் அவள், மிகுந்த பணிவோடு.

மறுநாள் லாரி பல்லில்லாமல் சவாரி போனது. போகிற இடமெல்லாம் கேலி. "என்ன முதலாளி, வண்டிக்கு வயசாயிடுச்சா, பொக்கை வாயோட வருது?" முதலாளி தன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். சாயங்காலம் வந்ததும் முன் ஜன்னலில் உட்கார்ந்தார். தேய்த்தார். இருமினார். மறுபடி தேய்த்தார். பிரைமர் அடித்துக் காயவிட்டு மறுநாள் சில்வர் பூசினார். மூத்தவள் தட்டில் டீ கொண்டுவந்தாள், இளையவள் பழைய துணி எடுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்து பார்த்தால் ஜன்னல் ஜம்மென்று இருந்தது. அவருக்கே ஆச்சரியம்.

"பரவாயில்லையே நான்! கிரில்லை இறக்கு."

மனைவி ஜன்னலைத் தடவிப் பார்த்தாள். கண்ணை அகல விரித்தாள். "கடையில கொடுத்தாக்கூட இப்படி வராதுங்க. ஆனா..."

"என்ன ஆனா?"

"இது பூரா நேர்க்கம்பி. அக்காவுக்குக் குறுக்குப் பட்டை ஆச்சே? அந்த இடுக்குல பிரஷ் எப்படிப் போகும்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. குறுக்குப் பட்டை போட்ட கிரில் சமையலறை ஜன்னலில் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஏறி, அதன் சொந்த நிறம் எதுவென்று கட்டின கொத்தனாருக்கே மறந்திருக்கும். முதலாளி அதையும் தேய்த்தார்.

வெளியே ஹாரன் வந்து நின்றார். "என்ன முதலாளி! உள்ள உட்கார்ந்து கம்பி எண்ணறீங்களா?"

"கை பழகறேன்யா. வண்டி கிரில்லுக்கு."

"என்ன மருந்து போடறீங்க?"

ஜன்னல் அழகாக வந்துகொண்டிருந்த மயக்கத்தில் முதலாளிக்கு வாய் நிற்கவில்லை. "சொல்றேன், நல்லா கேட்டுக்கோ. உப்புத்தாள், பிரைமர், சில்வர். குரோம்னு பயப்படக் கூடாது. நல்லா அழுத்தித் தேய்க்கணும்."

ஹாரன் வழக்கத்துக்கு மாறாக மெதுவாக "அப்படியா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மனைவி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க அவருக்குச் சொன்னீங்க?"

"சொன்னா என்ன? கை பழக்கம் வேணுமே! அது அவன்கிட்ட ஏது?"

 மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

சமையலறை ஜன்னலும் முடிந்தது. அப்போதுதான் அக்காவின் கிரில்லுக்கு இரண்டு ஓரத்திலும் ஒரு வளைவு உண்டு என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. வளைவுள்ள இரும்பு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். வாசல் கேட்.

"கேட்டையும் அடிக்கச் சொல்றியா?"

"கேட்டை நான் கேட்டேனா? வளைவுல பெயிண்ட் வழிஞ்சா நல்லா இருக்காதேன்னு சொன்னேன். உங்க இஷ்டம்."

அவர் இஷ்டப்பட்டே அடித்தார். உண்மையைச் சொன்னால் அந்தச் சாயங்காலங்கள் அவருக்குப் பிடித்துப்போயிருந்தன. இரண்டு குழந்தைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டன. போகிற வருகிறவர்கள் நின்று "பிரமாதம்" என்றார்கள். அவர் கேட்காமலே மனைவியிடமிருந்து இரண்டாவது டீ வந்தது. இப்படி ஒரு கவனிப்பு மாப்பிள்ளையாக வந்த முதல் வாரத்தில்தான் கிடைத்தது. இடையில் மாடிப்படிக் கைப்பிடியும் எப்படியோ கணக்கில் சேர்ந்துகொண்டது. எந்தப் பாடத்துக்காக அதைப் பூசினோம் என்று அவருக்கே பிறகு விளங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கேட்டின் கடைசி வளைவை முடித்து, முதுகை நிமிர்த்தி, டப்பாவுக்குள் பார்த்தார். அடி தெரிந்தது. பிரைமர் டப்பாவும் அப்படியே. உப்புத்தாள் வெறும் தாளாகியிருந்தது. புதிதாக வாங்கி வந்தாலும் பிரைமர் காய ஒரு நாள் வேண்டும். விடிந்தால் ஞாயிறு.

முதலாளி வாசற்படியில் உட்கார்ந்தார். காற்று இறங்கின டயர் மாதிரி ஆகிவிட்டார். எதிரே பல்லில்லாத வாயைத் திறந்துகொண்டு லாரி நின்றது. கை பழகிவிட்டது. அந்தக் கைக்குத்தான் இப்போது வேலை இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"போச்சு. எல்லாம் போச்சு. வீட்டைப் பளபளன்னு ஆக்கிட்டு அவளை விட்டுட்டேனே!"

மனைவி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். உள்ளே போனாள். பரணிலிருந்து புடவை மூட்டையை இறக்கி, அவர் மடியில் வைத்து, முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளேயிருந்து யாரோ ஒரு ஆள் அவரைப் பார்த்து விழித்தான். பாவம், மீசையெல்லாம் ஒரேயடியாக நரைத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன் முகம் என்றும், மீசையில் இருப்பது சில்வர் பெயிண்ட் என்றும் முதலாளிக்குப் புரிந்தது. கிரில் கண்ணாடியாக மின்னியது.

"யாரு... எப்படி... எந்தக் கடை?"

"கடையாவது! உங்களுக்குச் சாப்பாடு சுத்தித் தர்ற அலுமினியத் தாள் இருக்கே, நீங்ககூட கசக்கித் திருப்பிக் கொண்டு வருவீங்களே, அதைத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சேன். துரு மேலாகத்தான் இருந்துச்சு. உள்ள குரோம் அப்படியே இருக்கு. நம்ம சமையக்கட்டுக் குழாயும் குரோம்தானே? அதை எதால தேய்க்கிறேன்னு நினைச்சீங்க?"

"எப்ப தேய்ச்சே?"

"அதெல்லாம் அப்புறம். வெளிச்சம் இருக்கும்போதே போய் அக்காவுக்குப் பல்லைக் கட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. படம் பிடிப்பவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, அக்காவுக்கு எதிரே வந்ததும் நின்றார். வெயில் பட்டு அவள் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். பக்கத்தில் ஹாரனின் வண்டி. குரோம் பாதி உரிந்து, மிச்சத்தில் கீறல் விழுந்து, அதன் மேல் காயாத சில்வர் வழிந்து, அவர் நல்லா அழுத்தித் தேய்த்திருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. அன்று முழுக்க ஹாரன் சத்தமே போடவில்லை.

காலண்டர் வந்தது. மனைவி அதைப் பளபளக்கிற முன் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். குழந்தைகள் பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போயின. முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு, காலண்டரைப் பார்த்தபடி டீ குடித்தார். மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசில்தான் அந்தப் பழைய கேள்வி மிதந்து மேலே வந்தது.

"ஆமா, அன்னைக்குக் கேட்டேன், நீ சொல்லவே இல்ல. அந்தக் கிரில்லை நீ எப்பத்தான் தேய்ச்சே?"

மனைவி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உப்புத்தாள் வாங்கக் கடைக்குப் போனீங்களே, அப்போ."