யாவோரின் பதினாறு நிறங்கள்

"பதினாறு நிறம் செஞ்சு வெச்சிருக்கே. இதுவரைக்கும் எத்தனை பேர் தொட்டாங்க?" என்றாள் ருமியானா.

விடை இரண்டு. அதில் ஒன்று யாவோரே.

பிளோவ்திவ் நகரில் ருமியானா நடத்திய சின்ன நிறுவனம் நூலகங்களுக்கு மென்பொருள் செய்து விற்றது. திரையை ரோஜா நிறம், தக்காளிச் சிவப்பு, மலைப்பனி வெள்ளை என்று விரும்பியபடி மாற்றிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. அது யாவோரின் கைவண்ணம். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல்தான் அதைப் பற்றிப் பேசுவான்.

"அடுத்த வெள்ளிக்குள்ள கூட்டம் சேரலேன்னா இதைத் தூக்கிடுவேன்," என்றாள் ருமியானா.

"மேடம், சரக்கு நல்ல சரக்கு. வெச்ச இடம்தான் தப்பு. 'அமைப்புகள்' மெனுவுக்குள்ள யாரு போவா?"

அன்றே அதை 'பார்வை' மெனுவுக்கு மாற்றினான். ஏற்கெனவே பயன்படுத்திவந்த அந்த ஒரே மனிதர், பழைய இடத்தில் தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கைகழுவினார்.

யாவோர் விடுவானா? முகப்பிலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வானவில் பொத்தானை வைத்தான். வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் நெவேனாவுக்கு அன்று காபி குடிக்கக்கூட நேரமில்லை.

"அண்ணே, உங்க பொத்தானைப் பாத்து வைரஸ்னு பயப்படறாங்க. வார்னாவில ஒரு அம்மா அது மேல காகிதம் ஒட்டி மறைச்சுட்டாங்களாம்."

"பயந்தா பழக்கிடலாம்!"

மென்பொருளைத் திறந்ததும், 'இன்று என்ன நிறம்?' என்று கேட்டு, பதில் சொன்னால்தான் உள்ளே விடும்படி செய்தான். பாதி நூலகங்கள் கணினியை அணைத்துவிட்டு, புத்தகப் பட்டியல் அட்டைகள் இருந்த பழைய பெட்டிகளை இழுத்துப்போட்டு வேலை பார்க்கத் தொடங்கின. ருமியானாவின் முகம் தக்காளிச் சிவப்பையே தோற்கடித்தது.

திங்களன்று, வெறுத்துப்போய், அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, 'உதவி' மெனுவின் அடியில், பதிப்புரிமை வரிக்கும் கீழே பொத்தானைக் கொண்டுபோய்ப் போட்டான்.

புதனன்று எண்ணிக்கையைப் பார்த்தவன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். நானூறு! மதியத்துக்குள் தொள்ளாயிரம்!

"பாத்தீங்களா மேடம்? கையில கொண்டுபோய்க் குடுத்தா எவனும் மதிக்க மாட்டான். தேடிக் கண்டுபிடிச்சாத்தான் ருசி! இதை நான் சோபியாவில நடக்கற மென்பொருள் மாநாட்டிலேயே பேசப்போறேன்."

"ஒத்துக்கறேன்டா. உன் நிறம் இருக்கட்டும்," என்று ருமியானா அந்த ஊர் வழக்கப்படி தலையை இடவலமாக ஆட்டிச் சம்மதித்தாள்.

நல்லது நடந்தவன்தான் மற்றவர்களுக்கு இனிப்புக் கொடுக்க வேண்டும். யாவோர் பெரிய சாக்லேட் பெட்டியோடு மேசை மேசையாகப் போனான். மார்பு அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

நெவேனா இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, கசன்லக் நூலகத்தில வேலை பாக்கற உங்க அம்மா பேசினாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க போன்ல அழுதீங்களாமே, 'எம் பிள்ளை செஞ்சது'ன்னு பொத்தானைத் தேடிக் கண்டுபிடிச்சு, மூணு பேரா முறை போட்டு அழுத்திட்டிருக்காங்களாம். விரல் வீங்கிடுச்சாம், இப்ப நிறுத்தலாமான்னு கேட்டாங்க."