சம்பந்திக்கு வித்த ரேடியோ

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். பழைய ரேடியோ செட்டை ஆருக்காவது வித்துத் துலைக்கிறது.

தொண்ணூறுகளின்ரை தொடக்கம். லண்டன் கோலியர்ஸ் வுட்டிலை ரெண்டு அறை வீடு. மனுசி வசந்தியின்ரை தங்கச்சி தன்ரை கலியாணத்துக்கெண்டு கொழும்பிலையிருந்து வாறா. சின்ன அறையிலை அவவுக்குக் கட்டில் போடவேணும். அங்கை கட்டிலுக்கு இடமில்லாமல் என்ரை ரேடியோ மேசை நிக்குது.

"ஒண்டில் உந்தப் பெட்டி போகோணும், இல்லாட்டி அதோடை சேர்ந்து நீங்களும் போகோணும்" எண்டு வசந்தி சொல்லிப்போட்டா.

இது பாட்டுக் கேக்கிற ரேடியோ இல்லை. நாங்களே மைக்கைப் பிடிச்சு, எங்கையோ இருக்கிற இன்னொரு விசரனிட்டை "அங்கை மழையோ?" எண்டு கேக்கிற செட். அதுக்குச் சோதனை எழுதி லைசென்ஸ் எடுக்கவேணும். ரெண்டு தரம் கோட்டை விட்டு மூண்டாந்தரம்தான் பாஸ் பண்ணினன்.

எஞ்சினியராக வெளிக்கிட்டு, கடைசியிலை பெற்றோல் ஷெட்டிலை ஷிப்ட் அடிக்கிறவனுக்கு அந்தக் கடதாசி சின்ன விசயமில்லை. பிரேம் போட்டு, ஹோலிலை பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலை மாட்டினன். வாற சனம் அதை வாசிச்சுப்போட்டுத்தான் கதிரையிலை இருக்கலாம்.

அந்த லைசென்ஸுக்கு ஒரு எல்லை இருக்கு. எங்களுக்கெண்டு ஒதுக்கின அலைவரிசையிலை மட்டும்தான் கதைக்கலாம். செட்டும் அதுக்கு வெளியிலை கதைக்க விடாது. உள்ளுக்கை ஒரு சின்ன டயோட் காவல் இருக்கும். அதை வெட்டினால் காவல் போயிடும், வெட்டினது பிடிபட்டால் லைசென்ஸும் போயிடும்.

நான் வெட்டினன். எல்லைக்கு வெளியிலை ஒரு சொல்லும் கதைக்கேல்லை, அதுக்குத் துணிவும் இல்லை. வீட்டுக்கு வாறவையிட்டை "உது திறந்துவிட்ட செட்" எண்டு புளுகத்தான் வெட்டினன்.

அந்தப் புளுகு போய்ச் சேர்ந்தது சிவம் அண்ணையிட்டை. தங்கச்சிக்குப் பேசின மாப்பிள்ளையின்ரை தேப்பன். டூட்டிங்கிலை மினிகேப் எண்டு வாடகைக் கார் ஓடுற ஒபிஸ் வைச்சிருக்கிறவர். விக்கிற கதை காதிலை விழுந்த உடனை போன் எடுத்தார்.

"தம்பி, உதை வேறை ஆருக்கும் குடுத்திடாதையும். என்ரை காருகளுக்கு வேணும்."

லைசென்ஸ் இல்லாத ஆள் அதிலை கதைக்கக்கூடாது. யாவாரத்துக்கு ஆருமே பாவிக்கக்கூடாது. நான் அவரிட்டை லைசென்ஸ் இருக்கோ எண்டு கேட்டிருக்கவேணும். ஆனால் பொம்பிளை வீட்டுக்காரன் மாப்பிள்ளையின்ரை தேப்பனிட்டைப் பேப்பர் காட்டச் சொல்லுறதோ? சாதகம் பொருந்தின கலியாணத்தை ஒரு பெட்டியாலை குழப்பினவன் எண்டு சாகும்வரை வசந்தி சொல்லிக் காட்டுவா.

அதாலை மூளையைப் பாவிச்சன். வெட்டின டயோட்டைத் திரும்ப ஈயம் வைச்சு ஒட்டினன். இனிச் செட் எங்கடை அலைவரிசையிலை மட்டும்தான் கதைக்கும். டாக்ஸிக்கு உதவாது எண்டு ஒரு கிழமையிலை மனுசன் திருப்பித் தந்திடுவார் எண்டு நினைச்சன்.

அவர் வந்து எடுத்துக்கொண்டு போகேக்கை நான் ஷிப்டிலை. வசந்திதான் குடுத்தவ. செட்டுக்குச் சந்தனப் பொட்டு வைச்சு, தட்டத்திலை வெத்திலை பாக்கோடை. நான் வந்து பாக்க, சுவரிலை பிள்ளையார் தனிய இருக்கிறார்.

"என்ரை லைசென்ஸ் எங்கை?"

"அது செட்டின்ரை பேப்பரெல்லோ? காரை வித்தால் லொக்புக் குடுக்கிறேல்லையே?"

திருப்பிக் கேக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டன். சம்பந்தி வீட்டுக்குத் தட்டத்திலை குடுத்ததை வாங்கினால் அபசகுனம் எண்டு மறிச்சுப்போட்டா.

ஒரு கிழமை போகேல்லை, எங்கடை ரேடியோ கிளப் செயலாளர் போன் எடுத்தார். வயசான வெள்ளைக்காரர், கோவம் வந்தாலும் முதலிலை மழையைப் பற்றித்தான் கதைப்பார். மழை முடிய விசயத்துக்கு வந்தார். உன்ரை கால் சைனைச் சொல்லி ஒரு பொம்பிளை நாள்முழுக்க உங்கடை பாசையிலை கதைக்கிறா, இடையிடை டூட்டிங் பிராட்வே எண்டு கேக்குது, உனக்கு ஏதும் தெரியுமோ எண்டார். கால் சைன் எண்டது லைசென்ஸோடை தாற பேர். உலகத்திலை அது எனக்கு மட்டும்தான்.

மிச்சமாக் கிடந்த சின்ன ரிசீவரைப் போட்டுக் கேட்டன். சிவம் அண்ணையின்ரை மனுசி. முதலிலை என்ரை கால் சைன், எழுத்தெழுத்தாய், பிசகில்லாமல். பிறகு, "ஸ்டேசனடியிலை ஒரு ஐயா குடையோடை நிக்கிறார், ஏத்துங்கோ."

சிவம் அண்ணை செட்டைத் திருப்பித் தரேல்லை. அதோடை கதைக்கக்கூடிய ரெண்டு செட் தேடி வாங்கி ரெண்டு காருக்கும் போட்டிட்டார். லைசென்ஸை வரி விடாமல் வாசிச்சு, கதைக்கேக்கை கால் சைன் சொல்லவேணும் எண்டு மனுசியைப் பழக்கியிருக்கிறார். என்னைவிடச் சட்டத்துக்குப் பயந்த மனுசன். நான் டயோட்டை ஒட்டாமல் விட்டிருந்தால் எங்கையோ ஒரு மூலையிலை கதைச்சிருப்பினம். ஒட்டினபடியாலை கிளப்பிலை இருக்கிற அவ்வளவு பேரின்ரை காதுக்குள்ளையும் நிண்டு கதைக்கினம்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு டூட்டிங்குக்கு ஓடக் கதவைத் திறக்கிறன், வாசலிலை ரெண்டு அரசாங்க ஆக்கள். லைசென்ஸைக் காட்டச் சொல்லிச்சினம். அது மினிகேப் ஒபிஸிலை எண்டன். அப்ப அங்கை கூட்டிக்கொண்டு போ எண்டிச்சினம்.

சிவம் அண்ணை கதிரை இழுத்துப்போட்டு, தேத்தண்ணி குடுத்து, சுவரைக் காட்டினார். என்ரை லைசென்ஸ், சந்தனப் பொட்டோடை.

"லைசென்ஸ் எங்கடை சம்பந்தியின்ரை. செட் என்ரை. எல்லாம் ஒரு குடும்பம்" எண்டார். இந்த நாட்டிலை வீட்டுக்கு ஒரு டிவி லைசென்ஸ் காணுமெண்டால் இதுக்கும் காணும்தானே எண்டது அவரின்ரை நியாயம்.

"லைசென்ஸ் ஆளுக்கு. பெட்டிக்கில்லை" எண்டார் வந்தவையிலை மூத்தவர்.

ஆனால் நல்ல மனுசன். கடதாசி சொந்தக்காரனுக்குத் தெரியாமல் கை மாறினது எண்டு எழுதத் தொடங்கினார். எனக்கு மூச்சு வந்தது. லைசென்ஸ் தப்பிச்சுது.

மற்றவர் செட்டைக் கழட்டிப் பாத்துக்கொண்டு நிண்டார். ஒரு இடத்தைத் தொட்டு, இது துப்பரவான வேலை, ஆர் செய்தது எண்டு கேட்டார்.

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் என்ரை கைவேலையை ஒருத்தரும் புகழ்ந்ததில்லை. வாய் சும்மா கிடக்குமோ?

"நான்தான், சேர். வெட்டின இடமே தெரியாமல் ஒட்டினனான்."

மூத்தவர் எழுதினதைக் கீறிப்போட்டுப் புதுப்பக்கம் திருப்பினார்.

லைசென்ஸ் போச்சு. சிவம் அண்ணைக்கு எச்சரிக்கையோடை சரி, அவருக்குச் சட்டம் தெரியாதாம். சட்டம் தெரிஞ்சவன் எண்டு சுவரிலை மாட்டி வைச்சது நான்தானே.

கலியாணம் குறிச்ச நாளிலை நடந்தது. ஐயர் மந்திரம் சொல்லேக்கை மைக் நிண்டுபோச்சு. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை சிவம் அண்ணை என்னைத் தேடிக் கை காட்டினார், "தம்பி, ஒருக்கா வந்து திறந்து பாரும்."

நான் கதிரையை விட்டு அசையேல்லை.

"அண்ணை, என்னட்டை லைசென்ஸ் இல்லை."